சபையா, பொலிஸா? திருகோணமலையில் ஊர்ப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனசமூக நிலையக் கூட்டத்திலும் மாதர் சங்கத்திலும் கோயில் திருவிழாவுக்கான ஆயத்தக் கூட்டத்திலும் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஒரு பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு உள்ளூராட்சிச் சபைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் இடையில் அலைந்து, களைத்து, கடைசியில் விட்டுவிடுபவர்கள் நம் மாவட்டத்தில் மிக அதிகம். அவர்கள் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் தொகுப்பு.

எங்கள் பகுதிக்கு எந்தச் சபை, எந்தப் பொலிஸ் நிலையம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள், இரண்டையும் சொல்லிவிடுவார். சபை எல்லையும் பொலிஸ் பிரிவின் எல்லையும் வெவ்வேறாக வரையப்பட்டவை என்பதால் ஊகிக்க வேண்டாம். நகருக்குள் இருப்பவர்களுக்கு, நாம் நீண்ட காலம் நகரசபை என்று அழைத்துப் பழகிய, இப்போதைய மாநகர சபை. அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. அதற்கு அப்பால் குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் என்று தனித்தனிச் சபைகள் இருக்கின்றன.

பொலிஸில் நகர மத்திக்குத் தலைமையகப் பொலிஸ் நிலையமும் துறைமுகப் பகுதிக்குத் துறைமுகப் பொலிஸும் இருக்கின்றன. வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி. மறுபக்கம் சீனக்குடா, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சம்பூர். அவசரம் என்றால் எல்லையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. 119ஐ அழையுங்கள். காயம்பட்டவர் இருந்தால் 1990, அம்புலன்ஸ் வரும்.

பொலிஸ் சபைக்குக் கீழே வேலை செய்கிறதா? தவிசாளர் சொன்னால் பொலிஸ் கேட்க வேண்டாமா?

இல்லை. பொலிஸ் மத்திய அரசின் கீழ் இயங்கும் திணைக்களம். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், சிரேஷ்ட அத்தியட்சகர் என்று மேலே போகும் அந்த வரிசையில் மேயருக்கோ தவிசாளருக்கோ இடம் இல்லை. உள்ளூராட்சி மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். அரசியலமைப்பின் 1987 இன் 13 ஆவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தையும் மாகாணத்துக்கு எழுதிக்கொடுத்தது. அது இன்று வரை நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே ஒரே ஒழுங்கையைப் பார்க்க வேண்டிய இரண்டு நிறுவனங்கள் இரண்டு வெவ்வேறு மேலிடங்களுக்குப் பதில் சொல்கின்றன. நம்முடைய அலைச்சலில் பாதிக்குக் காரணம் இதுதான்.

தவிசாளர் உத்தரவிட முடியாது. ஆனால் கடிதம் எழுதலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம், சபையில் தீர்மானம் நிறைவேற்றி அதன் பிரதியை உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு அனுப்பலாம். தொலைபேசியில் சொல்லும் சொல்லைவிட ஒரு தீர்மானத்துக்குக் கனம் அதிகம். அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

அப்படியென்றால் பாதுகாப்பு விடயத்தில் சபைக்கு என்ன வேலை? கள்ளனைப் பிடிப்பது பொலிஸ்தானே?

கள்ளனைப் பிடிப்பது பொலிஸ்தான். ஆனால் கள்ளனுக்கு வசதியாக இருட்டையும் பற்றையையும் வைத்திருப்பது யார் என்று கேட்க வேண்டும். நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: சபை இடத்தைப் பார்க்கிறது, பொலிஸ் ஆளைப் பார்க்கிறது. தெருவிளக்கு, சபைக்குரிய வீதிகள், வடிகால், சந்தை, பஸ் நிலையம், பூங்கா, பொதுக் கழிப்பறை, கடை அனுமதிப்பத்திரம், கட்டாக்காலி மாடு, குப்பை: இவை சபையின் கையில் இருக்கின்றன. களவு, அடிதடி, மிரட்டல், போதைப்பொருள், போக்குவரத்துக் குற்றம் ஆகியவை பொலிஸின் கையில்.

பெரும்பாலான தொல்லைகளில் இரண்டும் கலந்தே இருக்கும். தனியார் கல்வி நிலையம் விடும் நேரத்தில் பஸ் தரிப்பிடத்தில் பிள்ளைகளைச் சீண்டும் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம், அது பொலிஸின் வேலை. ஆனால் அந்தத் தரிப்பிடத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பெட்டிக்கடையும், மாதக்கணக்கில் எரியாத விளக்கும், உள்ளே இருப்பவர் வீதிக்குத் தெரியாதபடி ஒட்டப்பட்ட விளம்பரத் தட்டியும் சபையின் வேலை. ரோந்து வந்தால் கூட்டம் கலையும். ரோந்து போனதும் அதே இருட்டுக்குத் திரும்பி வரும். விளக்கு மட்டும் எரிந்தால் வெளிச்சத்தில் நின்றுகொண்டு சீண்டுவார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தால்தான் அந்த இடம் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

சபையிடம் பணம் இல்லை என்று எப்போதும் சொல்கிறார்களே?

வரியும் கட்டணமும் மட்டும் சபையின் வருமானம் அல்ல. நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரைத் தீர்வையும் மாகாண நிர்வாகத்தின் ஊடாகச் சபைகளுக்கு வந்து சேர்கின்றன. வரவுசெலவுத் திட்டம் சபையில் விவாதிக்கப்படும்போது, இந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது, தெருவிளக்குக்கு எவ்வளவு போனது என்று உங்கள் வட்டார உறுப்பினரைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை. மின்சார சபை பிரதேச சபையைக் காட்டுகிறது, பிரதேச சபை மின்சார சபையைக் காட்டுகிறது. யாரைப் பிடிப்பது?

கம்பமும் கம்பியும் மின்சார சபையுடையவை. விளக்கைப் பொருத்துவதும் பழுதானதை மாற்றுவதும் உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பு. ஆகவே கடிதம் சபைக்கு. கம்பத்தில் இலக்கம் எழுதியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் எந்த வீட்டுக்கு எதிரில், எந்தச் சந்தியிலிருந்து எத்தனையாவது கம்பம் என்று எழுதுங்கள். 'எங்கள் பகுதியில் விளக்குகள் எரிவதில்லை' என்று பொதுவாக எழுதும் கடிதம் கோப்புக்குள் தூங்கிவிடும்.

அந்த இருட்டில் வழிப்பறியோ தொந்தரவோ நடந்திருந்தால், அதன் திகதியையும் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் அதே கடிதத்தில் சேர்த்து, பிரதியைப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் அனுப்புங்கள். விளக்குப் பழுது அப்போதுதான் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பதிவாகும்.

பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். காணி காடாகிக் கிடக்கிறது. பாம்பும் வருகிறது, இரவில் ஆட்களும் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

நம் ஊரின் பெரிய தலையிடிகளில் ஒன்று. போரின்போது போனவர்களின் காணிகள், பங்குபிரிக்காத முதுசக் காணிகள், வழக்கில் கிடக்கும் காணிகள் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கின்றன. உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பித் துப்புரவு செய்யும்படி கேட்கவும், செய்யாவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கவும் சபைக்கு வழி இருக்கிறது. நுளம்பு பெருகும் இடமாக இருந்தால் இன்னும் வேகமான வழி 2007 இன் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 2017 இன் தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு எப்படி வாட்டியது என்பதைக் கண்டவர்கள் யாரும் இதைச் சின்ன விடயம் என்று சொல்லமாட்டார்கள்.

உரிமையாளரின் உறவினர் எவரேனும் ஊரில் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். பல காணிகள் ஒரு தொலைபேசி அழைப்பில் துப்புரவாகியிருக்கின்றன; வெளிநாட்டில் இருப்பவருக்குக் காணியின் நிலையே தெரியாது. உள்ளே ஆட்கள் கூடுவது தனி விடயம். அதற்குப் பொலிஸுக்குத் தனியாக எழுதுங்கள், நேரத்தைக் குறிப்பிட்டு.

வீதியில் மாடுகள், மான்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் விழுகிறார்கள். இதற்கு யார் பொறுப்பு?

கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டி, உரிமையாளரிடம் தண்டம் அறவிடுவது சபை. இரவில் பிடிக்கப் போகும் ஊழியர்களுடன் மாட்டுக்காரர் சண்டைக்கு வருவது வழக்கம் என்பதால் பொலிஸ் கூடப் போக வேண்டியிருக்கிறது. திகதி குறித்து இரு தரப்பும் சேர்ந்து இறங்கினால்தான் இந்த வேலை நடக்கும்.

மான்கள் வேறு கதை. பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் கடற்கரையிலும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் நம் நகரின் அழகு. அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்குகள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் வருபவை. சபை செய்யக்கூடியது குப்பையைத் திறந்து கிடக்க விடாமல் பார்ப்பது; பொலித்தீனைத் தின்றுகொண்டு நிற்கும் மானைக் காணும்போது மனம் பதறுகிறது. பொலிஸ் செய்யக்கூடியது அந்த வீதிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது.

ஒலிபெருக்கிச் சத்தம் தாங்கமுடியவில்லை. கோயில், பள்ளிவாசல் என்றால் முறையிடவே பயமாக இருக்கிறது.

ஒலிபெருக்கிக்கு அனுமதி தருவது பொலிஸ். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடு இருப்பதை 2007 இல் உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆனால் முதலில் நிர்வாக சபையிடம் பேசுங்கள், அதுவும் உங்கள் சமயத்தைச் சேர்ந்த இடத்தில் தொடங்குங்கள். மூன்று இன மக்களும் நெருக்கமாக வாழும் நகரத்தில், சத்தம் பற்றிய முறைப்பாடு ஒரு நாளில் இன்னொன்றாக மாறிவிடலாம்.

பிரஜா பொலிஸ் குழு என்று ஒன்று இருக்கிறதாமே? யார் அதில் சேரலாம்?

காலத்துக்குக் காலம் பெயர் மாறுகிறது: சிவில் பாதுகாப்புக் குழு, பிரஜா பொலிஸ் குழு, சமுதாயப் பொலிஸ் குழு. அமைப்பு ஒன்றுதான். கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் ஊரவர்களும் பொலிஸ் உத்தியோகத்தரும் சந்திக்கும் குழு. சேர விரும்புபவர் பொலிஸ் நிலையத்தின் சமுதாயப் பொலிஸ் பிரிவிலோ கிராம உத்தியோகத்தரிடமோ பெயர் கொடுக்கலாம்.

குறை என்னவென்றால், பல இடங்களில் இந்தக் குழுவில் சபைக்கு நாற்காலி இல்லை. ஊரவர் விளக்கைப் பற்றிப் பேசுவார்கள், பொலிஸ் உத்தியோகத்தர் குறித்துக்கொள்வார், விளக்கைப் போட வேண்டியவர் அங்கே இருக்கமாட்டார். வட்டார உறுப்பினரையும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அழைக்கும்படி குழுவில் கேளுங்கள். மறுபுறமும் வழி உண்டு: 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சபையின் குழுக்களில் சேர்க்க இடமளிக்கிறது. பாதுகாப்புக்கென்று ஒரு குழு அமைத்து அதில் ஆசிரியர், முச்சக்கரவண்டிச் சங்கத்தவர், மீனவர் சங்கத்தவர், மாதர் சங்கத்தவர் ஆகியோரைச் சேர்த்தால், பொலிஸை அங்கே அழைப்பது எளிது.

பெண்கள் இல்லாத பாதுகாப்புக் குழுவை நான் நம்புவதில்லை. எந்த ஒழுங்கையில் எந்த நேரத்தில் நடக்க முடியாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உள்ளூராட்சிச் சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்படி வந்த உறுப்பினரை முன்னுக்கு நிறுத்துங்கள்.

பொலிஸில் போய்த் தமிழில் முறைப்பாடு கொடுக்கலாமா? சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வைக்கச் சொல்கிறார்களே?

கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. 1979 இன் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: வாய்மொழியாகத் தரும் தகவலைத் தரப்பட்ட மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். எழுதக்கூடிய உத்தியோகத்தர் இல்லையென்றால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களால் எழுத முடியாதபோதுதான், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஆகவே வீட்டிலேயே தமிழில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். நடந்த நாள், நேரம், இடம், கண்டவர்கள், இழந்த பொருள். விளங்காத எதிலும் கையொப்பம் இடாதீர்கள். திரும்பி வரும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் துண்டு இல்லாமல் இந்தத் தொகுப்பில் சொல்லும் வேறு எதுவும் நகராது.

ஐஸ் போதைப்பொருள் விற்கிறவர்களை எங்களுக்குத் தெரியும். சொன்னால் மறுநாளே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படிச் சொல்வது?

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை யாரும் மறுக்கக் கூடாது. உள்ளூர் நிலையத்தில் சொல்லத் தயக்கம் இருந்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது சிரேஷ்ட அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் பெயரில்லாமல் தபாலில் எழுதுங்கள். இடம், நேரம், வாகன இலக்கம், வந்துபோகும் முறை ஆகியவற்றை எழுதுங்கள். ஊகங்களைத் தவிருங்கள். பின் தொடரவோ படம் எடுக்கவோ போக வேண்டாம். நீங்கள் பின்னர் சாட்சியானால், 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது.

இதில் சபைக்கும் பங்கு உண்டு. பாவனையாளர்கள் கூடும் பாழடைந்த கட்டடம், பாடசாலைக்கு அருகிலுள்ள கடையின் அனுமதிப்பத்திரம் இரண்டையும் முன்பு சொன்னபடி 'இடம்' என்ற கணக்கில் சபையிடம் எழுதலாம். அப்படி எழுதும்போது போதைப்பொருள் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. கட்டடம் ஆபத்தானது என்றால் போதும். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ மதுவோ விற்பது 2006 முதல் சட்டப்படி குற்றம். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முறையிடலாம். பாவிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல.

பக்கத்து வீட்டில் தினமும் அடி. பொலிஸ் 'குடும்பப் பிரச்சினை, பேசித் தீருங்கள்' என்று அனுப்பிவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. 2005 இன் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தைக் கேட்டுப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. காணி எல்லை, கடன், வாய்த்தகராறு போன்றவற்றுக்கு இணக்க சபை நல்ல இடம், செலவில்லாமல் தீரும். அடிவாங்கும் ஒருவரை அடிப்பவருக்கு எதிரே உட்கார்த்தி இணங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

களவு கூடிவிட்டது. ஊர்ப் பொடியன்கள் இரவுக் காவல் போகலாமா? பிடித்தால் கட்டி வைக்கலாமா?

கண் விழித்திருப்பதும் வெளிச்சம் அடிப்பதும் 119ஐ அழைப்பதும் சரி. கண்முன்னே கடுமையான குற்றம் செய்யும் ஒருவரைத் தனியார் பிடிக்க, மேலே சொன்ன குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில் இடமளிக்கிறது. பிடித்தால் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டி வைத்து அடித்தால் குற்றவாளி நீங்கள்தான். சந்தேகத்தில் பிடிப்பது அறவே கூடாது.

2011 ஆகஸ்டில், உடலில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து பெண்களைத் தாக்குவதாகச் சொல்லப்பட்ட 'கிறீஸ் பூதம்' பற்றிய பயம் கிழக்கெங்கும் பரவியதை நினைத்துப் பாருங்கள். கிண்ணியாவில் மக்களும் படையினரும் மோதும் அளவுக்குப் போனது. வதந்தி, தடி, இருட்டு மூன்றும் சேர்ந்தால் எது நடக்கும் என்று நமக்குத் தெரியும். காவல் போவதென்றால் பெயர்ப் பட்டியலைப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்து, ரோந்து உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு போங்கள். ஊரில் மூன்று இனத்தவரும் இருந்தால் குழுவிலும் மூன்று இனத்தவரும் இருக்கட்டும்.

எங்கள் ஊரில் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டுப் பொலிஸுடன் ஒரே மேசையில் உட்காரச் சொல்கிறீர்களா?

மறக்கச் சொல்லவில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி இந்த நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் கைதான விசேட அதிரடிப் படையினர் உள்ளிட்ட 13 பேர், போதிய சான்றுகள் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு நீதி கிடைக்கவில்லை. நம்பிக்கை வை என்று நான் யாருக்கும் உபதேசம் செய்யமாட்டேன்.

நான் சொல்வது வேறு. மேசையில் நாம் இல்லாவிட்டால் நம் ஒழுங்கையைப் பற்றி நாம் இல்லாமலே முடிவெடுப்பார்கள். உட்காருங்கள், தனியாக அல்ல, சங்கமாக. பேசியதை எழுத்தில் வையுங்கள், குறிப்பின் பிரதியைக் கேளுங்கள். தகவல் கொடுப்பவர் ஆகிவிடாதீர்கள்; கேட்பவராக இருங்கள். சபையும் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். நாம் வாக்களித்துத் தெரிவுசெய்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் பேச்சின் தொனி மாறும்.

எழுதிவிட்டோம், கூட்டத்துக்கும் போய்விட்டோம். இரு பக்கமும் அசையவில்லை. அடுத்து?

2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைக்கும் பொலிஸுக்கும் பொருந்தும். 'எங்கள் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, எந்த உத்தியோகத்தரிடம் கோப்பு இருக்கிறது' என்று தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் எழுதி, இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் மற்றவர் மீது சாட்டிய பொறுப்பு அங்கே கறுப்பு வெள்ளையில் தெரியும்.

சபை மீதான முறைப்பாடு உள்ளூராட்சி ஆணையாளருக்கு. கிழக்கு மாகாண நிர்வாகத்தின் தலைமையகம் திருகோணமலையிலேயே இருப்பது நமக்கு வசதி. பொலிஸ் மீதானது உயர் பொலிஸ் அதிகாரிக்கு, பிறகு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு. சட்டவிரோதக் கைது, அடி, மொழிப் பாரபட்சம் போன்ற உரிமை மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு, இலக்கம் 1996. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதம் மட்டுமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே காத்திருக்காதீர்கள்.

எங்கள் வட்டார உறுப்பினர் சபையில் எதிர்க்கட்சி. அவர் மூலம் போனால் வேலை நடக்குமா?

அவர் மூலமும் போங்கள், அவரை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு சபையில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதம் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். உங்கள் பகுதியில் வசிக்கும் பட்டியல் உறுப்பினர் வேறு கட்சியில் இருக்கலாம். இருவரிடமும் ஒரே கடிதத்தைக் கொடுத்து, இருவர் பெயரையும் பிரதியில் போடுங்கள். 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் சபைகள் நடந்தன. அப்போதும் சில ஒழுங்கைகளில் விளக்கு எரிந்தது, ஏனென்றால் அந்த ஊர்ச் சங்கங்கள் செயலாளருக்குத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தன. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். சங்கத்தின் கோப்பில் போட்டு வையுங்கள், அடுத்த தலைவர் வரும்போது அவர் கையில் கொடுக்க.